தொலைவழிச் சிறார் மனநலச் சேவைக்கான நல்கை: சென்னையின் மேற்குப் புறநகர்

பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான மனநல ஆலோசனையையும் சிகிச்சையையும் தொலைபேசி, காணொலி வழியாக வழங்குவது தொலைவழிச் சிறார் மனநலச் சேவை. இந்தியாவில் இதற்கான பணம் ஒன்றிய, மாநில அரசுகளின் திட்ட ஒதுக்கீடாகவும், அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் தரும் நல்கையாகவும் வருகிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தப் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலம். 2018இல் சென்னை மாவட்டத்துடன் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி நகராட்சி. பின்னிரண்டும் திருவள்ளூர் மாவட்டம். அரசின் மனநலப் பணி பெரும்பாலும் மாவட்ட மனநலத் திட்டம் வழியாக நடப்பதால், ஒரே ரயில் தடத்தில் அருகருகே இருக்கும் அம்பத்தூர்க் குழந்தையும் ஆவடிக் குழந்தையும் இரண்டு மாவட்டக் கணக்கில் வருகிறார்கள். இத்தகைய இடத்தில் நல்கை முதலில் போக வேண்டியது கேமராவுக்கோ செயலிக்கோ அல்ல, குழந்தையின் பக்கத்தில் உட்காரும் ஆளின் சம்பளத்துக்கு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. கிராமப்புறத்தில் 6.9 ஆக இருந்த அளவு பெருநகரங்களில் 13.5. தொலைமருத்துவம் என்றாலே குக்கிராமம் நினைவுக்கு வருகிற பழக்கத்தை இந்த ஓர் எண் கேள்வி கேட்கிறது. சென்னையை ஒட்டி வாழ்பவர்களுக்குக் காணொலி எதற்கு, 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறதே, எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தினக்கூலிக்குப் போகும் தாய், பூந்தமல்லியிலிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு பேருந்து மாறிப் போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளியும் போய்விடும். காய்ச்சல் என்றால் ஒருமுறை போனால் போதும். மனநலச் சிகிச்சையோ மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டியது. முதல்முறை வந்தவர்கள் மூன்றாம் முறை வராமல் நிற்பது அலட்சியத்தால் அல்ல.

தொலைவழி மனநலச் சேவைக்கான நல்கைக்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்னுதாரணம் உண்டு. மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010இல் டாட்டா அறக்கட்டளை ஒன்றின் உதவியோடு புதுக்கோட்டை மாவட்டத்தில் தொலைமனநலப் பேருந்தை ஓட்டியது. பேருந்துக்குள் ஒரு பக்கம் ஆலோசனை அறை, இன்னொரு பக்கம் மருந்தகம். ஊருக்குள் வண்டி நிற்கும்; நோயாளியும் வீட்டாரும் ஏறி உட்காருவார்கள்; திரையில் மருத்துவர் பேசுவார்; அவர் எழுதும் மருந்து அங்கேயே கைக்கு வரும். பலரும் இதைத் தொழில்நுட்ப வெற்றியாகவே எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் வண்டி வருமுன் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடித்தவர்களும், வண்டி போன பின் மருந்து சாப்பிடுகிறார்களா என்று பார்த்தவர்களும் களப்பணியாளர்கள். அவர்கள் இல்லையென்றால் அது வெறும் வண்டி. ஸ்கார்ஃபின் தலைமையிடம் அண்ணா நகர் மேற்கு விரிவில், அம்பத்தூருக்கு வெகு அருகில் இருக்கிறது. அந்த அனுபவத்தைத் தேடிப் புதுக்கோட்டை வரை போக வேண்டியதில்லை.

அரசின் பக்கம் பெரிய முயற்சி டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை. 2022 பிப்ரவரி ஒன்றிய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் 20 மொழிகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது; தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்குகிறது. இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த அம்பத்தூருக்கு இந்த மொழி வசதி சிறிய விஷயமல்ல. 2024 அக்டோபரில் காணொலி ஆலோசனையைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனாலும் தொலைபேசி எடுத்துப் பேசத் தெரிந்தவருக்கே அந்த எண் பயன்படும். எட்டு வயதுப் பிள்ளை 14416ஐ அழைக்காது. வகுப்பில் ‘அடங்காதவன்’, ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய பிள்ளைக்குக் கவனக்குறைவுக் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்க அருகில் ஒருவர் வேண்டும்.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டி நெறிகளின்படி, சிறாருக்குத் தொலைவழி ஆலோசனை தர அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பிரச்சினையே வீட்டுக்குள் இருக்கும்போது, பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் நம்பகமான ஆலோசகரும் அவசியம். கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட், போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து; அதைத் தொலைவழியில் எழுதித் தரவே கூடாது. ஆகவே திரை வழியே குழந்தையைச் சரியாகக் கணிக்க முடியாது என்ற எதிர்வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆட்டிசம் போன்றவற்றை உறுதிசெய்ய நேரில் பார்த்தே ஆக வேண்டும். முதல் கணிப்பை நேரில் செய்துவிட்டு, தொடர் ஆலோசனையையும் பெற்றோர் பயிற்சியையும் திரைக்கு மாற்றினால், பத்துப் பயணம் இரண்டாகக் குறையும். அமெரிக்காவில் 2004இல் மாசசூசெட்ஸ் மாநிலம் தொடங்கி, 2018 முதல் கூட்டரசு நல்கையோடு மற்ற மாநிலங்களுக்கும் பரவிய முறை இன்னும் நேரடியானது: அங்கே குழந்தை மனநல மருத்துவர் தொலைபேசியில் வழிகாட்டுவது பெரும்பாலும் குழந்தையை அன்றாடம் பார்க்கும் பொது மருத்துவருக்கு. ஆவடி சுகாதார நிலைய மருத்துவருக்கும் அப்படி ஓர் அழைப்பு எண் தேவை.

தர்மப் பணத்தைக் காட்டி அரசு கைகழுவிவிடும் என்பதே இருப்பதில் கனமான ஆட்சேபம். டெலி-மானஸ் ஒதுக்கீடு 2022–23இல் 120.98 கோடி, 2023–24இல் 133.73 கோடி, 2024–25இல் 90 கோடி ரூபாய். தொடக்கம் முதல் வந்த மொத்த அழைப்புகளோ 2025இல் 20 லட்சத்தைத் தாண்டின. அரசுப் பணமே இப்படி ஏறி இறங்கும்போது நல்கையின் ஆயுள் இன்னும் குறைவு. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்வதால் அம்பத்தூர், ஆவடி ஆலைகளின் நிறுவனச் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியை இங்கே கேட்பதற்கு முழு நியாயம் உண்டு. ஆனால் அதன் விதிகளில் ‘தொடர் திட்டம்’ என்பதற்கே தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுதான் கெடு. ஏழு வயதில் சிகிச்சை தொடங்கும் பிள்ளைக்குப் பதினொன்றுக்குள் பணம் நின்றுவிடும்.

எனவே நல்கை கேட்டு விண்ணப்பம் எழுதுவோர் கருவிகளின் விலைப்பட்டியலை முன்னே வைக்க வேண்டாம். எந்தப் பள்ளியில், எந்தச் சுகாதார நிலையத்தில், எத்தனை ஆலோசகர்கள், மாதச் சம்பளம் எவ்வளவு, நல்கை முடிந்ததும் அதை மாவட்ட மனநலத் திட்டம் ஏற்கும் என்பதற்கு யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கொடுப்பவர்களும் அதைப் பார்த்த பிறகே காசோலையில் கையெழுத்திடுங்கள்.