முன்பணம் வாங்கி இறங்கியவர்கள்

ஏஜியன் கடலின் கிழக்கு ஓரத்தில், துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கிறது காலிம்னோஸ் தீவு. சுண்ணாம்புப் பாறை மலைகளும் நடுவே சில பள்ளத்தாக்குகளுமாகக் கிடக்கும் இந்தத் தீவில் உழுது பிழைக்க நிலம் போதாது. தெற்கே உள்ள சிமியின் நிலையும் அதுதான். ஸ்கூபா கருவிகளோடு சுற்றுலாப் பயணிகள் இன்று இறங்கிப் பார்க்கும் பாறைச் சரிவுகளும் கடற்புல் மேடுகளும்தான் இந்தத் தீவுக்காரர்களுக்குச் சோறு போட்டன. அங்கே விளைந்தது கடற்பஞ்சு. செடிபோல் தோன்றினாலும் அது ஒரு விலங்கு. அதன் கரிய தோலை மிதித்து, அலசி நீக்கினால் எஞ்சும் மென்மையான எலும்புக்கூடுதான் கடைக்கு வரும். அரிஸ்டாட்டில் அதன் வகைகளைப் பிரித்து எழுதியிருக்கிறார். அந்த அளவுக்குப் பழைய தொழில் இது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே தீவுகளில், இருபது முப்பது வயது இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கால் விளங்காமல் வீடு திரும்பத் தொடங்கினார்கள். பலர் திரும்பவே இல்லை; வட ஆப்பிரிக்கக் கரை மணலிலேயே புதைக்கப்பட்டார்கள். பழியை ஆழ்கடல் உடையின் மீதும் அக்கால அறியாமையின் மீதும் போடுவது வழக்கம். அதைவிடப் பெரிய பங்கு, அந்த உடையை இயக்கிய கடன் கணக்குக்கு உண்டு என்பது என் வாதம்.

உடை வருவதற்கு முன்பு குளியாளி ஒரு தட்டையான கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குவான். கல்லின் எடை அவனைக் கீழே இழுத்துச் செல்லும். கல்லில் கட்டிய கயிற்றைப் படகில் இருப்பவர்கள் பிடித்திருப்பார்கள். அவன் சுண்டியதும் மேலே இழுத்துவிடுவார்கள். முப்பது மீட்டரும் அதற்கு மேலும் போனவர்கள் உண்டு. இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. சுறாவுக்கு இரையானவர்களும் நீருக்குள் நினைவிழந்து போனவர்களும் அன்றும் இருந்தார்கள், செவிப்பறை கிழியாத குளியாளி அரிது. ஆனாலும் ஒரு மூச்சுக்கு மேல் அடியில் தங்க முடியாது என்பதே அவனுக்கு ஒரு காவலாக இருந்தது. 1860களில் செம்புத் தலைக்கவசமும் ரப்பர் துணி உடையும் காற்றுப் பம்பும் வந்தபோது அந்தக் காவல் போயிற்று. நாற்பது மீட்டர் ஆழத்தில் நெடுநேரம் நடந்து பறிக்கலாம் என்றானது. அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து ஏறும். சட்டென்று மேலே வந்தால் அது குமிழிகளாகப் பொங்கும். தண்டுவடத்தில் குமிழி அடைத்தால் இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போகும். 1867இல் 12 உடைகளை வைத்துத் தொழில் செய்த 24 பேரில் 10 பேர் இறந்ததாக ஒரு பிரெஞ்சு மருத்துவ அறிக்கை பதிவு செய்தது.

இனிப் பணம் வந்த வழியைப் பார்க்கலாம். கல்லை வாங்கக் கடன் தேவையில்லை. உடை, பம்பு, அதைச் சுற்றும் ஆட்கள், ஆறு மாதத்துக்கான உணவு ஆகியவற்றுக்குப் பெரும் முதல் வேண்டும். கப்பல்தலைவன் வணிகரிடம் வட்டிக்கு வாங்கினான். அந்தப் பணத்திலிருந்து, ஈஸ்டருக்குப் பின் படகுகள் புறப்படும் முன்பே குளியாளிக்கு முன்பணம் தரப்பட்டது. குடும்பம் அதை வைத்துத்தான் இலையுதிர்காலம் வரை சாப்பிட்டாக வேண்டும். பறித்த பஞ்சு முன்பணத்துக்கு ஈடாகாவிட்டால் மிச்சக் கடன் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். படகிலோ பல குளியாளிகளுக்கு ஒரே உடை, ஒரே பம்பு. ஒருவன் கழற்றியதும் அடுத்தவன் மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே வரும் வழியில் ஒருவன் அரை மணி நேரம் நின்று வந்தால், அடுத்தவன் அடியில் இருக்க வேண்டிய அரை மணி நேரம் போயிற்று. மெதுவாக ஏறுவதற்கு யாரும் கூலி தரவில்லை. இந்தத் தொழிலின் நஞ்சு இங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அன்று யாருக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். முதல் பத்து ஆண்டுகளுக்கு இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் 1878இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர், நைட்ரஜன் குமிழிகளே காரணம் என்று காட்டி, மெதுவாக ஏறச் சொல்லிவிட்டார். 1908இல் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹால்டேனும் அவருடைய கூட்டாளிகளும் ஆடுகளைக் கொண்டு சோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று ஏற வேண்டும் என்ற அட்டவணையையே வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதை ஏற்றுக்கொண்டது; கடற்பஞ்சுப் படகுகளில் ஊனம் தொடர்ந்தது. அட்டவணை வருமுன்பே குளியாளிகளுக்கும் அனுபவ அறிவு இருந்தது. 1900இல் ஆன்டிகிதெரா தீவின் அருகே பழங்காலக் கப்பலையும் சிலைகளையும் கண்டவர்கள் சிமியின் கடற்பஞ்சுக் குளியாளிகள்தான். முதலில் கண்டவர் எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ், தலைவர் திமித்ரியோஸ் கோண்டோஸ். கிரேக்க அரசுக்காகச் சிலைகளை எடுத்தபோது, கப்பல் கிடந்த ஆழத்தில் அவர்கள் ஒரு தடவைக்குச் சில நிமிடங்களே தங்கினார்கள். அங்கேயும் ஒருவர் இறந்தார், இருவர் முடங்கினார்கள். இது என் வாதத்துக்கு எதிரான சான்றல்லவா என்றால், ஓரளவு ஆம்: ஆழம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் அடியில் அதிக நேரம் இருப்பது ஆபத்து என்று அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதும் இதே சான்றிலிருந்து தெரிகிறது. அறிந்தவர்களைத் தினமும் நெடுநேரம் அடியில் நிறுத்தியது எது என்ற கேள்வி மிஞ்சுகிறது.

அவர்கள் விரும்பித்தானே போனார்கள், நல்ல வருமானமும் வீரர் என்ற பெயரும் கிடைத்ததே என்பது இன்னொரு மறுப்பு. உடைக் குளியாளியின் கூலி தீவின் மற்ற எந்த வேலையையும்விட அதிகம் என்பதும், சிமி துறைமுகத்தில் இன்றும் நிற்கும் மாளிகைகள் அந்தச் செழிப்பில் எழுந்தவை என்பதும் உண்மை. முன்பணத்தை இளைஞர்கள் புறப்படுமுன் விருந்திலும் குடியிலும் கரைத்ததையும் துணிச்சலின் அடையாளமாகச் சொல்வார்கள். திரும்புவோமா என்று தெரியாதவன் சேமிக்காமல் செலவழித்ததில் வீரத்தைவிடத் தெளிந்த கணிப்பையே நான் காண்கிறேன். ஏப்ரலில் வாங்கிய பணம் ஆகஸ்டில் உடல் சொல்வதைக் கேட்க விடாது. விரும்பி ஒப்புக்கொண்டது அந்த முதல் நாளில் மட்டுமே.

காலிம்னோஸில் குடியேறிய ஆசிரியர் கார்ல் ஃபிளேகல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அரசுகளுக்கு ஓயாமல் எழுதி, உடையையே தடைசெய்யச் சொன்னார். அவர் செய்தது பெரும்பணி. சில கரைகளில் தடையும் வந்தது. ஆனால் முதல் போட்ட வணிகரின் கணக்கை அது தொடவில்லை, தடையும் நிலைக்கவில்லை. பிற்காலத்தில் கனத்த உடைக்குப் பதிலாக, முகமூடியும் நீண்ட காற்றுக்குழாயும் கொண்ட இலகுவான கருவி வந்தது. விலை குறைவு, அசைவது எளிது, ஹால்டேன் அட்டவணை அச்சாகி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. குளியாளிகள் அப்போதும் முடங்கினார்கள். அவர்கள் எண்ணிக்கை குறைந்தது செயற்கைப் பஞ்சு சந்தையைப் பிடித்த பிறகும், 1986இல் மத்தியதரைக் கடலில் பரவிய நோய் கடற்பஞ்சுத் திட்டுகளை அழித்த பிறகும்தான்.