கேண்டில் முதல் ஆர்.ஓ. வரை: குடிநீர் வடிகட்டியின் கதை

எவர்சில்வரில் இரண்டு அடுக்கு. மேல் அடுக்குக்குள் மெழுகுவர்த்தி போல வெள்ளையாக இரண்டு மூன்று உருளைகள். கீழ் அடுக்கில் ஒரு சின்னக் குழாய். ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்துச் சமையலறை மேடையில் இந்த வாட்டர் ஃபில்டருக்கு நிரந்தர இடம் இருந்தது. இன்று கடைக்குப் போனால் ஆர்.ஓ., யு.வி., யு.எஃப். என்று எழுத்துக்களாக அடுக்குகிறார்கள். எழுத்து கூடக்கூட விலையும் கூடுகிறது!

எதை வாங்குவது என்று குழம்புகிறவர்கள் இவை பிறந்த கதையைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு வடிகட்டியும் ஏதோ ஒரு எதிரியைப் பிடிக்கத்தான் உருவானது. வேறு எதிரி வந்தபோது அது கைவிட்டுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் தேம்ஸ் நதி சாக்கடையாகவே ஓடியது. அதைக் குடிக்க வேண்டியிருந்த வசதியான குடும்பங்கள் பீங்கான் ஜாடி வடிகட்டிகளை வாங்கின. பல ஜாடிகளுக்குள் இருந்தது கரி. கரி நாற்றத்தையும் நிறத்தையும் நன்றாக எடுத்துவிடும். தண்ணீர் கண்ணாடி போல் தெரியும், ருசியாகவும் இருக்கும். ஆனால் 1894-இல் சிம்ஸ் உட்ஹெட், கார்ட்ரைட் வுட் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டு வடிகட்டிகளைச் சோதித்து, முடிவுகளை 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டபோது வேறு கதை தெரிந்தது. பெரும்பாலான வடிகட்டிகள் கிருமிகளைத் தாராளமாக உள்ளே விட்டன. பாதுகாப்புக்கென்று காசு கொடுத்து வாங்கிய கரி, கிருமி வளரும் இடமாகவும் ஆகியிருந்தது.

அந்தச் சோதனையில் தேறியவற்றில் முக்கியமானது பாஸ்டர்-சேம்பர்லாண்ட் வடிகட்டி. லூயி பாஸ்டரின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சார்லஸ் சேம்பர்லாண்ட், மெருகு பூசாத பீங்கான் குழாய் வழியே தண்ணீரைச் செலுத்தினால் பாக்டீரியா வெளியிலேயே தங்கிவிடும் என்று 1884-இல் காட்டினார். சில ஆண்டுகளில் ஜெர்மனியின் பெர்க்ஃபெல்ட், டயட்டம் மண்ணில் இதே போன்ற உருளையைச் செய்தார். நம் வீட்டு எவர்சில்வர் ஃபில்டரில் நின்ற கேண்டில் இந்த வம்சம்தான். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், மயிரிழை விரிசல் விட்டாலும் மாற்ற வேண்டும். (எத்தனை வீட்டில் மாற்றினார்கள் என்பது வேறு விஷயம்.)

வேடிக்கை என்னவென்றால், கேண்டிலின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்ததும் அதே கேண்டில்தான். 1892-இல் ரஷ்யாவின் டிமித்ரி இவானோவ்ஸ்கி, நோய் தாக்கிய புகையிலைச் சாற்றை சேம்பர்லாண்ட் வடிகட்டியில் ஊற்றினார். வடிந்து வந்த தெளிந்த சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று அந்தத் துளைகள் வழியே நுழைந்திருந்தது. பின்னாளில் அதற்கு வைரஸ் என்று பெயர் வந்தது.

இது வெறும் புகையிலைச் செடி சமாச்சாரம் இல்லை என்பது டெல்லிக்குத் தெரியும். 1955-இல் யமுனை வெள்ளத்துக்குப் பிறகு நதியின் போக்கு மாறி, நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர் வஜிராபாத் குடிநீர் நிலையத்துக்குள் வந்தது. பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை, குளோரினை அதிகமாக்கினார்கள். அதனால் டைஃபாய்டு பெருகவில்லை. ஆனால் டிசம்பர் 1955-க்கும் ஜனவரி 1956-க்கும் இடையில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கர்ப்பிணிகளிடையே இறப்பு மற்றவர்களைவிட அதிகம். பாக்டீரியாவை நிறுத்திய குளோரின், கலங்கிய நீரில் வைரஸை நிறுத்தவில்லை. அது இன்று ஹெபடைடிஸ் இ என்று அழைக்கப்படும் நோய் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அந்த வைரஸுக்கு முன்னால் கேண்டிலின் துளைகள் பல மடங்கு பெரியவை. நன்றாகக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் அன்று காப்பாற்றியிருக்கும்.

கொதிக்க வைக்கும் வேலையை மின்சாரத்திடம் விட்டது அடுத்த கட்டம். யு.வி. விளக்கு வைத்த அக்வாகார்டு 1984-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. டை கட்டிய விற்பனைப் பிரதிநிதிகள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். யு.வி. பாக்டீரியாவையும் வைரஸையும் செயலிழக்கச் செய்யும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கரண்ட் இருக்க வேண்டும். உப்பை அது தொடவே தொடாது.

உப்புக்கு வழி கண்டவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவர். 1950-களின் இறுதியில் செல்லுலோஸ் அசிடேட் சவ்வு ஒன்றைச் செய்து, அழுத்தத்தில் உப்புநீரை அதன் வழியே தள்ளி நல்ல நீரைப் பிரித்தார்கள். 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற ஊரில் இந்த முறையில் குடிநீர் நிலையம் வந்தது. அந்த ஊர் ஒரு காலத்தில் குடிதண்ணீரை ரயிலில் வரவழைத்துக்கொண்டிருந்தது! ஆக ஆர்.ஓ. என்பது உப்புநீர் ஊர்களுக்காகப் பிறந்தது. போர்வெல்லில் உப்பு கரிக்கும் கடலோரப் பகுதிகளுக்கு அது வரம்தான்.

ஆற்றுநீர் வரும் வீட்டிலும் அதையே மாட்டினால்? ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகும். இதனால்தான் 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்புக்கள் கரைந்துள்ள (அதாவது டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள) நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்ய விதி வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. விற்க வருபவரும் அதைத்தான் டம்ளருக்குள் விட்டு எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறார். அந்த எண்ணில் உப்பு தெரியும், கிருமி தெரியாது. கிருமிக்குத் தனிச் சோதனை வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் இரண்டையுமே பார்த்துச் சொல்கிறார்கள்.