மரக்கடைசல் பட்டறை வைக்கப் போகிறீர்களா? கடலோர விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

வரப்பில் நின்ற தேக்கையும் கொல்லையில் நின்ற பூவரசையும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, அதே மரம் கட்டில் காலாகவும் ஊஞ்சல் தூணாகவும் கடைக்கு வரும்போது விலை கேட்டு வாயடைத்துப் போனவர்கள் காவிரிப் படுகையில் ஏராளம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த நல்ல மரங்களை விறகு விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. அதனால்தான் 'நாமே ஒரு கடைசல் மெஷின் போட்டால் என்ன?' என்ற கேள்வி தரங்கம்பாடி, பொறையாறு, ஆக்கூர் பக்கம் அடிக்கடி எழுகிறது. போடலாம். ஆனால் குறுவைப் பணத்தை மெஷினில் கொட்டுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் ஒரு தெளிவு. அரும்பாவூர், தம்மம்பட்டி மரச்சிற்பங்கள் உளியால் செதுக்கப்படுபவை. புவிசார் குறியீடு பெற்றவை. கடைசல் வேறு. மரம் சுழலும், உளி அசையாமல் நிற்கும். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், தொட்டில் கால், மத்து, பம்பரம், மாடிப்படிக் கைப்பிடித் தூண் எல்லாம் இந்த வகை. தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் கையில் இருந்த ஊர். அந்த நாட்டு அரச குடும்பத்தாரே கடைசல் கற்றவர்கள். அரச குடும்பத்தின் தந்தக் கடைசல்கள் கோபன்ஹேகன் ரோசன்போர்க் கோட்டையில் இன்றும் இருக்கின்றன. நம் ஊர்ப் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்களுக்கும் கடைசல் தூண் தேவைப்படத்தான் செய்கிறது. என்றாலும் அதை மட்டும் நம்பிப் பட்டறை போடாதீர்கள். ஊஞ்சல், தொட்டில், கோயில் வேலை, சப்பாத்திக் கட்டை என்று அன்றாடம் விற்கும் பொருள்தான் மின்கட்டணத்தைக் கட்டும்.

எந்த மெஷின்?

கையால் உளி பிடித்துக் கடையும் சாதாரண லேத் முதல் வகை. ஒரு மாதிரியை வைத்து அதே அச்சில் பல உருப்படி எடுக்கும் காப்பி லேத் அடுத்தது. மூன்றாவது அலங்காரக் கடைசல் எந்திரம். இதில் உளிக்குப் பதில் ரௌட்டர் ஓடும். மரத்தைச் சுழற்றும் அச்சும், ரௌட்டரை நகர்த்தும் திருகுத்தண்டும் பல்சக்கரங்களால் இணைக்கப்பட்டிருக்கும். கயிறு முறுக்கியது போன்ற தூண், பள்ளக்கோடு போட்ட தூண் எல்லாம் இதில் வரும். நான்காவது கணினியில் இயங்கும் சி.என்.சி. வகை.

புதிதாகத் தொடங்குபவர் சாதாரண லேத்தில் ஆறு மாதமாவது கை பழகாமல் மற்றதற்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. உளி பிடிக்கத் தெரியாதவருக்கு சி.என்.சி. மெஷினும் அழகான கட்டில் காலைக் கொடுத்துவிடாது.

பழைய மெஷின் வாங்கும்போது

பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். இரு முனைகளிலும் கூர்முனை செருகி, வால் பகுதியைத் தலைப் பகுதியை ஒட்டி நகர்த்துங்கள். இரண்டு கூர்களும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். விலகி நின்றால் கடையும் பொருள் நடுங்கும், துளையும் கோணலாகும். அடுத்து, சுழல் தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 'டக்' என்ற ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அது பயப்பட வேண்டிய பழுது அல்ல. விலை குறைக்கப் பேசலாம். வார்ப்பிரும்பு உடலில் விரிசலோ வெல்டிங் தடயமோ இருந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள். படுக்கையின் நடுப்பகுதி தேய்ந்து பள்ளமாகியிருக்கிறதா என்று நேர்விளிம்புச் சட்டம் வைத்தும் பாருங்கள்.

பேரிங் மாற்றும்போது அதன் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6205 என்றால் உள்துளை 25 மி.மீ., 6206 என்றால் 30 மி.மீ. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் போதும். இரும்பு மூடி போட்டதைவிட இருபக்கமும் ரப்பர் சீல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மரத்தூளும் உப்புக்காற்றும் சேர்ந்த இடத்தில் அதுதான் நிலைக்கும்.

உப்புக்காற்று என்னும் எதிரி

கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் பட்டறை இருந்தால், மெஷினைத் தேய்மானத்தைவிடத் துரு முன்னதாகத் தின்றுவிடும். மரத்தூள் ஈரத்தையும் உப்பையும் இழுத்து இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். எனவே மாலையில் வேலை முடிந்ததும் தூளைத் துடைப்பத்தால் முழுக்கத் தட்டிவிட்டு, பெயின்ட் இல்லாத இரும்புப் பரப்பில் மெஷின் ஆயில் தடவிய துணியால் ஒரு முறை துடையுங்கள். படுக்கைமேல் மெழுகு பூசினால் வால் பகுதி வழுக்கி நகரும், துருவும் அண்டாது. மூடி வைக்க பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம்; உள்ளே வேர்த்துத் துரு கூடும். பழைய பருத்திப் போர்வை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் பட்டறை பூட்டிக் கிடக்கும் என்றால், பெல்ட்டைத் தளர்த்தி, கிரீஸ் தடவி வைத்துவிட்டுப் போங்கள்.

வேகக் கணக்கு

விபத்துகளில் பல வேகத்தால் வருபவை. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றோடு பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும். 3 அங்குலக் கட்டில் காலுக்கு 2,000 முதல் 3,000 சுற்று. 10 அங்குலத் தட்டுக்கு 600 முதல் 900 மட்டுமே. சதுரமாக இருக்கும் மரத்தை உருட்டும் வரை இதிலும் குறைத்துத் தொடங்குங்கள். மோட்டார் 1,440 சுற்று, அதன் புல்லி 3 அங்குலம், சுழல் தண்டின் புல்லி 2 அங்குலம் என்றால் தண்டு 2,160 சுற்று ஓடும். மோட்டாரில் 2 அங்குலமும் தண்டில் 6 அங்குலமும் போட்டால் 480.

பெல்ட் மாற்றி மாற்றி அலுத்தவர்கள் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் பொருத்தலாம். செலவுக்குத் தகுந்த மேம்பாடு என்று நான் சொல்வது இதைத்தான். ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனை மோட்டாரை ஓட்டும் டிரைவ்கள் 3 எச்.பி. வரை எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் மோட்டார் பெட்டியில் ஆறு முனைகளும் வெளியே வந்திருக்க வேண்டும். 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் இருக்கும் அந்த மோட்டாரை 230 வோல்ட் டெல்டா இணைப்புக்கு மாற்றிய பிறகே டிரைவில் கொடுக்க வேண்டும். பெயர்ப்பலகையில் இரண்டு வோல்ட்டும் குறிப்பிட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே ஸ்விட்ச் போடாதீர்கள். மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறி காற்று தராது, சூடேறும்.

அலங்கார எந்திரத்தின் பழுது

திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துகிறது என்று வையுங்கள். மரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் தண்டு 20 சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரம் பூட்டினால், முறுக்கு 100 மி.மீ.க்கு ஒரு சுற்று வரும். நாலு இழைக் கயிறு வேண்டுமென்றால் ஒவ்வொரு இழைக்கும் மரத்தை 90 பாகை திருப்பி மறுபடி ஓட்ட வேண்டும். இழைகள் தடிமன் மாறி வந்தால் மரத்தைக் குறை சொல்லாதீர்கள். திருகுத்தண்டின் நட்டு தேய்ந்திருக்கும். தற்காலிகமாக, எப்போதும் ஒரே திசையிலிருந்து வெட்டத் தொடங்குங்கள். நிரந்தரத் தீர்வு, லேத் பட்டறையில் கன்மெட்டலில் புது நட்டு கடைந்து போடுவது.

பல்சக்கரம் உடைந்தால் உதிரி கிடைக்காது என்று மெஷினையே ஒதுக்கிவிடுகிறார்கள். தேவையில்லை. பற்களை எண்ணுங்கள், வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, பற்களோடு இரண்டைக் கூட்டி அதனால் வகுங்கள். 40 பல், 63 மி.மீ. என்றால் 63-ஐ 42-ஆல் வகுக்க 1.5. அதுதான் மாட்யூல் அளவு. அளவு, பற்கள், அச்சுத் துளை மூன்றையும் சொன்னால் பல்சக்கரம் வெட்டும் பட்டறையில் செய்து தருவார்கள்.

ரௌட்டரின் பிட் பிடிக்கும் காலெட் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். நழுவிப் பறக்கும் பிட் சுவரைக்கூடக் குத்தும். பிட்டின் தண்டு குறைந்தது 20 மி.மீ. உள்ளே போய்ப் பிடிக்க வேண்டும்.

மரம்

பூவரசு, தேக்கு, வேம்பு, பலா கடைசலுக்கு நல்லவை. புளி கடினம், உளி அடிக்கடி தீட்ட வேண்டிவரும். வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், முகக்கவசம் கட்டாயம். நம் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் சவுக்கு வெடிக்கும்; அலங்கார வேலைக்கு எடுக்காதீர்கள். வெட்டியதும் கட்டையின் இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயின்டோ பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது கைக்கணக்கு. அவசரப்பட்டுப் பச்சை மரத்தைக் கடைந்து விற்றால், வாங்கியவர் வீட்டில் விரிசல் விட்ட கால் உங்கள் பெயரைக் கெடுக்கும்.

அனுமதியும் மின்சாரமும்

விவசாய மின் இணைப்பிலிருந்து கடைசல் மெஷினுக்குக் கம்பி இழுக்கவே கூடாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி அது அங்கீகாரமற்ற பயன்பாடு; பொருந்தும் கட்டணத்தின் இரு மடங்கு வசூலிப்பார்கள். தனி இணைப்பு வாங்குங்கள். உருட்டுமரம் அறுக்கும் எந்திரம் வைக்க வனத்துறை உரிமம் வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மத்திய வழிகாட்டுதலில், 30 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள வட்ட ரம்பமோ பேண்ட் ரம்பமோ இல்லாமல், முறையாக வாங்கிய அறுத்த மரத்தில் வேலை செய்யும் பட்டறைகளுக்கு விலக்கு உண்டு. இயந்திரப் பட்டியலோடு வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சொந்த நிலத்துத் தேக்கை வெட்டி எடுத்துச் செல்வதற்கும் அங்கேயே விசாரியுங்கள்.

கடன் வேண்டுவோர் மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேளுங்கள். 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீத மானியமும் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) உண்டு.

மெஷின் முன் நிற்கும்போது வேட்டித் தலைப்பு, துண்டு, கைக்கயிறு, அவிழ்ந்த முடி எதுவும் வேண்டாம். கையுறையும் கூடாது, சுழலும் மரம் அதைக் கையோடு இழுத்துவிடும். முழு முகக் கண்ணாடி போடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும் முன் உளித் தாங்கியை அகற்றிவிடுங்கள். விரல்கள் போவது பெரும்பாலும் அந்த இடுக்கில்தான்.