‘கழுவு’ என்றொரு தொழிற்சொல்

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர் வைத்துக்கொண்டு எது சரி என்று எழுத்துத் தமிழ் வழக்காடுகிறது. புகை என்பது மக்னீசியப் பொடியைக் கொளுத்தும்போது எழும் புகை என்ற விளக்கத்தை ஏற்றால், அந்த மின்னல்பொடி ஜெர்மனியில் 1887-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய வெயிற்படங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. தொழிலின் உயிர் இந்தப் பெயர்ச்சொற்களில் இல்லை. தென்காசி உட்படத் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் பிலிமில் பதிந்த உருவை வெளிக்கொணரும் வேலைக்குப் பிலிம் காலம் முழுக்க வழங்கிய ‘கழுவு’ என்ற வினையில் இருக்கிறது என்பது என் துணிபு.

இந்தத் தொழிலில் நீரின் இடம் தெரிய, பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையைப் பார்ப்போம். கொலோடியன் என்ற பசைக்கரைசலைக் கண்ணாடியில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி எடுத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்துக்குள் இரும்பு சல்பேட் கரைசலை ஊற்ற வேண்டும். உருவம் சில நொடிகளில் எழும். எந்த நொடியில் தண்ணீர் விட்டுக் கழுவி அதை நிறுத்துவது என்பதில்தான் கலைஞரின் கண்ணும் பொறுமையும் தெரியும். பிந்தினால் படம் மூட்டமாகிவிடும். கழுவும் நீரில் உப்பிருந்தால் வெள்ளியோடு சேர்ந்து தகட்டில் வெண்படலம் படியும். வெக்கையில் தகடு விரைவில் காயும். 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் பெரும்பாலும் மெழுகிட்ட தாளையே நம்பியதற்கு இதுவும் காரணமாகலாம். மாறாக, தென்காசியை அடுத்த குற்றாலத்தில் சாரல் காலத்தின் குளிர்ந்த ஈரக்காற்று தகட்டுக்கு இதம்தான். ஆனால் மேகமூட்டத்தில் வெளிச்சம் குறைவதால் திறப்பு நேரம் நீளும். பாறை கூர்மையாக விழ, அருவி வெள்ளைத் திரையாகக் குழையும்.

‘கழுவு’ ஆங்கில ‘வாஷிங்’கின் பெயர்ப்புதானே என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கரைசலை அலசி நீக்கும் படியை மட்டுமே குறிக்கும். உருவை வெளிக்கொணர்வதை ‘டெவலப்’ என்பார்கள். தமிழ்ப் பேச்சோ முழு வேலைக்கும் கழுவுதலையே பெயராக்கியது. இது பிலிம் காலத்துச் சொல்லாயிற்றே, ஈரத்தகட்டோடு என்ன உறவு என்பது வலுவான மறுப்பு. அந்தச் சொல் 1850-களிலேயே பிறந்தது என்று நான் வாதிடவில்லை. நைட்ரேட் தொட்டியும் கூடாரமும் போன பிறகும் கரைசல், நீர், இருட்டறை என்ற வேலைமுறை மாறவில்லை. அந்த வேலையைச் செய்த கைக்குப் புகையும் நிழலும் தென்படவில்லை, தண்ணீர்தான் தென்பட்டது.