முற்றம் யாருடையது?

காலிக் கோட்டைக்குள் பழைய வீடுகள் பல இன்று ஆடம்பர விடுதிகள். அவை சொல்லும் வரலாறு பெரும்பாலும் 1640இல் தொடங்குகிறது: ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள், தளபதிகள், வணிகர்கள், தூண்கள், ஓடுகள். அந்த ஒல்லாந்து வீடுகளில் சமைத்த அடிமைப் பெண்கள் அதில் அரிதாகவே வருகிறார்கள்.

பின்னாளில் இவ்வீடுகளில் பல, தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களின் கைக்கு வந்தன. அக்குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடு சீதனமாக மகளுக்கு எழுதப்படும். சீதனத்தை எதிர்ப்பவர்கள்தான் நாம். மகளுக்கு வீடு தேடியே ஓடாய்த் தேய்ந்த தகப்பன்மாரையும் அறிவோம். ஆனாலும் உறுதியில் அவள் பெயர் இருந்தது. சண்டை வந்தால் வெளியேற வேண்டியவன் கணவன். தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

1988இல் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2000ஐ ஒட்டி வெளிநாட்டவர் வாங்க வந்தார்கள், விலை ஏறியது. கூரை ஒழுகும் ஒரு வீட்டை விற்றால் கோட்டைக்கு வெளியே சகோதரிகள் ஆளுக்கொன்று வாங்கலாம். விற்றவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. கேட்க வேண்டியது வேறு: அந்தக் காசு யார் கணக்குக்குப் போனது? புதிதாக வாங்கிய வீட்டின் உறுதியில் யார் பெயர்?

விடுதிக் கையேட்டில் அதற்குப் பதில் இராது. பெண்கள் மருதோன்றி அரைத்த, ஈரத்துணி உலர்த்திய நடுமுற்றத்தில் இப்போது சிறிய நீச்சல் குளம். பின்கட்டுக் குசினி, ஓர் அறை.