வந்த ஆட்டமும் தங்கிய ஆட்டக்காரர்களும்: வாலாஜாபேட்டை வட்டாரக் கல்லூரிக் கூடைப்பந்தை முன்வைத்து

நவீன விளையாட்டுகளின் பரவலைப் பேசுவோர் ஆலன் கட்மனின் ‘கேம்ஸ் அண்ட் எம்பயர்ஸ்’ (1994) நூலைக் கடந்துபோக முடியாது. பண்பாட்டு ஏகாதிபத்தியம் என்று ஒரே வீச்சில் தீர்ப்பெழுதாமல் மேலாதிக்கம் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். ஆட்டத்தைப் பெற்றுக்கொண்டவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அவருடைய அக்கறை பெரும்பாலும் ஆட்டம் கடல் கடந்ததிலேயே இருக்கிறது. 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் வகுத்த கூடைப்பந்தை ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வந்து இறங்கிய ஆட்டம் தங்கியது எப்படி என்பதற்கு அவருடைய சட்டகத்தில் விடை இல்லை. ஆட்டக்காரர்கள் தங்கினால்தான் ஆட்டம் தங்கும் என்பது என் வாதம்.

இந்தியாவுக்குக் கூடைப்பந்து வந்த ஆண்டிலேயே இந்தச் சிக்கல் தெரிகிறது. நைஸ்மித் நடத்திய முதல் ஆட்டத்தில் ஆடியவர்களுள் ஒருவரான டங்கன் பேட்டன் 1890களிலேயே அதை இங்கு கொண்டுவந்தார் என்பது ஒரு கூற்று. 1930இல்தான் முதலில் ஆடப்பட்டது என்பது இன்னொன்று. பரவலாக எடுத்தாளப்படுவதும் இதுவே. இதை ஏற்பது கடினம். ஹாரி குரோ பக் சென்னையில் உடற்கல்விப் பள்ளியை ஐந்தே மாணவர்களுடன் தொடங்கியது 1920இல். அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ.காரர் நடத்திய பள்ளியில் பத்தாண்டுகள் கூடைப்பந்தே இல்லை என்று எப்படிக் கொள்வது? தில்லியில் முதல் தேசியப் போட்டி 1934இல் நடந்துவிட்டது. நான்கே ஆண்டுகளில் ஒரு நாட்டுக்கு அணிகள் முளைத்துவிடா. 1890களில் வந்தது நிலைக்காமல் போய், பக்கின் மாணவர்கள் பி.டி. மாஸ்டர்களாகப் பள்ளிகளுக்குப் போன பிறகே வேர்பிடித்தது என்று கருதுகிறேன். ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல இயலாது.

இனி வாலாஜாபேட்டை வட்டாரத்துக்கு வருவோம். அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலூரில் ஊரிஸ் கல்லூரியை 1898இல் நிறுவியது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இலும், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் வந்தன. வாலாஜாபேட்டையில் பெண்களுக்கென அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த ஆட்டக்காரருக்குச் சம்பளம் அருகிலேயே காத்திருக்கிறது. மூன்றாண்டு பட்டப்படிப்பில் அவரை நிறுத்திவைப்பது எது?

விடைக்கு, தமிழ்நாடு அரசுப் பணிக்கான விளையாட்டுச் சான்றிதழ்ப் படிவங்களைப் பாருங்கள். படிவம் 1 பன்னாட்டுப் போட்டிக்கு, 2 தேசியப் போட்டிக்கு, 4 பள்ளி அளவுக்கு. நடுவிலுள்ள படிவம் 3, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு. அதில் கையெழுத்திடுபவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அலுவலர். கல்லூரிப் பயிற்சியாளர் அல்லர். ஆக, கல்லூரி அணியில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் போதாது; பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும்.

2002 வரை இந்த வட்டாரக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. வாலாஜாபேட்டை மாணவி அந்த அணியில் இடம்பிடிக்க, சென்னையின் பெரிய கல்லூரிகள் திரட்டி வளர்த்த ஆட்டக்காரர்களை முந்த வேண்டும். அந்த ஆண்டு வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குத் தனி அணி. படிவம் 3 எட்டும் தூரத்துக்கு வந்தது. முதலாண்டில் தேர்வாகாதவருக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்கக் காரணம் கிடைத்தது. நிர்வாக எல்லை ஒன்று மாறியதற்கு நான் அளவுக்கு மீறிய எடை தருவதாகச் சிலர் சொல்லலாம். நல்ல மாஸ்டர் ஒருவர் இருந்தால் போதும் என்பார்கள். மாஸ்டர் ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பார். வீட்டில் தகப்பனாரிடம் காட்ட ஒரு தாளை அவரால் தர முடியாது. ஏழைக் குடும்பத்தில் மூன்றாண்டு என்பது அந்தத் தாளைக் கொண்டே அளக்கப்படுகிறது.

அமெரிக்காவில் இன்று நிலைமை தலைகீழ். கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2021இல் தளர்ந்தது; ஒரே அணியில் நான்கு பருவம் நிற்பவர்கள் அருகிவருகிறார்கள். நம்மிடம் இடையில் டி.சி. வாங்கிப் போவது எளிதல்ல. இந்த இறுக்கத்துக்கும் ஆட்டக்காரர்களை நிறுத்தியதில் பங்குண்டு.

என் வாதத்தின் மெலிந்த இடம் 2002க்கு முந்தைய காலம்தான். அன்றைய சென்னைப் பல்கலைக்கழக அணிப் பட்டியல்களில் வேலூர், வாலாஜாபேட்டைப் பெயர்கள் தாராளமாக இருந்தால், எல்லை மாற்றத்துக்கு நான் தந்த இடத்தைக் குறைத்தாக வேண்டும்.