பெர்லினில் படித்த பாடம்

பர்கூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஜவுளிக் கடைகள். கிரானைட் லாரிகள். கொஞ்சம் வயசானவர் என்றால், 1991 தேர்தல். அந்த வருஷம் பர்கூர், காங்கேயம் என்று இரண்டு தொகுதிகளில் நின்று ஜெயித்த ஜெயலலிதா, பர்கூரை வைத்துக்கொண்டு முதலமைச்சர் ஆனார். 1996-ல் அதே பர்கூர் அவரைத் தோற்கடித்தது. இரண்டு தடவையும் டீக்கடை பெஞ்சுகளில் அடிபட்ட கேள்வி என்னவோ ஒன்றுதான்: ‘நடிகைக்கு நிர்வாகம் தெரியுமா?’

இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். பர்கூரிலிருந்து பஸ் ஏறுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, பெங்களூரின் கனகபுரா ரோட்டுக்குப் போங்கள். அங்கே தாதகுனி என்ற இடத்தில் 468 ஏக்கரில் ஒரு எஸ்டேட் இருக்கிறது. அதன் சொந்தக்காரியைப் பார்த்தும் 1940-ல் பம்பாய் இதையேதான் கேட்டது. அவர் பெயர் தேவிகா ராணி.

வங்காளிதான். ஆனால் 1908-ல் பிறந்தது அன்றைய மதராஸ் மாகாணத்தின் வால்டேரில். அப்பா சௌத்ரி, மாகாணத்தின் முதல் இந்திய சர்ஜன் ஜெனரல். தாகூர் குடும்பத்துக்குச் சொந்தம். சின்ன வயசிலேயே பெண்ணை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். லண்டனில் அவர் நாடகப் பயிற்சியும் பெற்றார், துணி டிசைனும் கற்றுக்கொண்டார். அங்கேதான் ஹிமான்ஷு ராயைச் சந்தித்தார். ஜெர்மனியின் ஃப்ரான்ஸ் ஆஸ்டனோடு சேர்ந்து 1925-லேயே புத்தர் கதையைப் படமெடுத்தவர் ராய். 1929-ல் இருவருக்கும் கல்யாணம். அடுத்த ஸ்டாப், பெர்லின்.

அன்றைய பெர்லினின் ஊஃபா ஸ்டுடியோவை, ஹாலிவுட்டுக்கு அடுத்தபடி என்று சொல்லலாம். ஊமைப்படம் பேச ஆரம்பித்த நேரம். தேவிகா அங்கே கற்றது நடிப்பு மட்டுமில்லை. மேக்கப், உடை, செட் என்று ஒரு படம் எப்படித் தயாராகிறது என்பதையே பார்த்துப் படித்தார். அந்தப் பாடம் பின்னால் எப்படி உதவியது என்று பாருங்கள்.

1934-ல் பம்பாய் மலாடில் பிறந்தது ‘பாம்பே டாக்கீஸ்’. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதன் பேலன்ஸ் ஷீட்தான் முதலில் கண்ணில் படும்! ஒரு முதலாளியின் கல்லாப்பெட்டியை நம்பி ஆரம்பித்த கம்பெனி இல்லை இது. டைரக்டர் போர்டு, பங்குதாரர்கள், டிவிடெண்ட் என்று முறையாக நடந்த லிமிடெட் கம்பெனி. இயக்க ஆஸ்டன், கேமராவுக்கு ஜோசப் விர்ஷிங், செட்டுக்கும் லேபுக்கும்கூட ஜெர்மன்காரர்கள். அவர்களிடம் வேலை கற்க நம்மூர்ப் பையன்கள்.

ஆஸ்டனுக்கு இந்தி தெரியாது. வசனத்தை இந்தியர்கள் பார்த்துக்கொள்ள, அவர் காட்சியைப் பார்த்தார். கத்திப் பேசும் நாடக மேடை நடிப்பு அங்கே எடுபடவில்லை. லேபில் வேலை பார்த்த ஒரு இளைஞரைத் திடீரென்று ஹீரோவாக்கினார் ராய். அவர்தான் அசோக் குமார். காரணம், அதற்கு முந்தைய ஹீரோ தேவிகாவோடு கல்கத்தாவுக்கு ஓடிப்போனதுதான்! தேவிகா திரும்பி வந்தார். ஹீரோவுக்கு வேலை போயிற்று. 1936-ல் தேவிகாவும் அசோக் குமாரும் ‘அச்சுத் கன்யா’வில் நடித்தார்கள். தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கும் பிராமணப் பையனுக்கும் காதல் என்கிற கதை அந்தக் காலத்துக்கு லேசான விஷயமா?

1939 செப்டம்பரில் உலகப் போர் வெடித்தது. ஆஸ்டன், விர்ஷிங் உள்ளிட்ட ஜெர்மன்காரர்களை பிரிட்டிஷ் அரசு பிடித்துக் காவலில் வைத்தது. ஆஸ்டன் நாஜிக் கட்சி உறுப்பினர் என்பதையும் மறைக்கக் கூடாது. அடுத்த வருஷம் ஹிமான்ஷு ராய் இறந்துபோனார். வாத்தியார்களும் இல்லை, கணவரும் இல்லை. முப்பத்திரண்டு வயசு விதவை கையில் ஒரு லிமிடெட் கம்பெனி.

இப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. தேவிகா பதில் பேசவில்லை, வேலை பார்த்தார். ஆனால் கம்பெனி இரண்டு கோஷ்டியானது. எதிர்க் கோஷ்டி எடுத்த ‘கிஸ்மத்’ 1943-ல் வெளியாகி, கல்கத்தாவில் ஒரே தியேட்டரில் மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்தக் கோஷ்டி அசோக் குமாரோடு வெளியேறி ‘ஃபில்மிஸ்தான்’ ஆரம்பித்தது. ஹீரோ போய்விட்டார். என்ன செய்வது?

புது ஹீரோவை உருவாக்கினார். பழ வியாபாரக் குடும்பத்துப் பையன் யூசுஃப் கானை, நடித்த அனுபவமே இல்லை என்று தெரிந்தும் மாதம் 1,250 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அது மாசச் சம்பளமா, வருஷச் சம்பளமா என்று பையனின் வீட்டிலேயே சந்தேகம்! புதுப் பெயர் வைக்கச் சொன்னதும் தேவிகாதான். 1944-ல் ‘ஜ்வார் பாட்டா’ வெளியானது. திலீப் குமார் பிறந்தார். ஒத்திகை பார்த்துப் பார்த்துச் செய் என்று அவர் கொடுத்த பாடத்தை, திலீப் தன் சுயசரிதையில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

1945-ல் தேவிகா பங்குகளை விற்றுவிட்டு, ரஷ்ய ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கை மணந்து சினிமாவை விட்டே போய்விட்டார். அடுத்த பத்து வருஷத்துக்குள் பாம்பே டாக்கீஸ் இழுத்து மூடப்பட்டது. தாதகுனியில் லினலோ மரம் வளர்த்து வாசனை எண்ணெய் எடுத்தார்கள் தம்பதிகள். தாதா சாகேப் பால்கே விருது 1969-க்கு முதன்முதலாக அறிவிக்கப்பட்டபோது அதைப் பெற்றவர் தேவிகாதான். 1993-ல் ரோரிக்கும் 1994-ல் தேவிகாவும் காலமானார்கள். குழந்தைகள் இல்லை. எஸ்டேட்டுக்கு ஆளாளுக்கு உரிமை கொண்டாட, கர்நாடக அரசு 1996-ல் தனிச் சட்டம் போட்டது. அது செல்லும் என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

சரி, நடிகைக்கு நிர்வாகம் தெரியுமா? கணக்கை நேர்மையாகவே போடுவோம். கம்பெனி உடைந்தது அவர் காலத்தில்தான். அதைப் பற்று என்று எழுதுங்கள். போர், மரணம், கோஷ்டிச் சண்டை மூன்றுக்கும் நடுவில் ஐந்து வருஷம் படம் வந்துகொண்டே இருந்தது. கூடவே ஒரு திலீப் குமாரும் வந்தார். இதை வரவு என்று எழுதுங்கள். அவர் போன பிறகு ஆம்பளைகள் நடத்திய கம்பெனி எத்தனை வருஷம் தாங்கியது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மீதியை நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.